7.8 வாங்கியும் டிஸ்டிங்ஷன் ஏன் இல்லை?

குடியாத்தத்திலிருந்து பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு மாணவி கேட்டது இது: "எனக்கு மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்) சேர்ந்த பகுதியில் 7.8 சி.ஜி.பி.ஏ. (பத்துக்கு எத்தனை புள்ளி என்ற மொத்தச் சராசரி). புரொவிஷனல் சான்றிதழில் வெறும் முதல் வகுப்பு என்று போட்டிருக்கிறார்கள். 7.6 வாங்கிய என் தோழிக்கு டிஸ்டிங்ஷன். கேட்டால் 'உனக்கு இரண்டாவது செமஸ்டரில் அலைடு இயற்பியலில் அரியர் இருந்ததே' என்கிறார்கள். அதைத்தான் அடுத்த தேர்விலேயே 83 வாங்கிப் பாஸ் பண்ணிவிட்டேனே? பாகாயத்தில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் 6.5 இருந்தாலே முதல் வகுப்பு என்கிறான். வி.ஐ.டி.யில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் 77 மார்க்குக்கு எஸ் கிரேடு வாங்கினேன் என்கிறான். இதையெல்லாம் யார்தான் முடிவு செய்கிறார்கள்?"

வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் முப்பது வருடத்துக்குக் கிட்ட நாற்காலி தேய்த்தவன் நான். மே மாத வெயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்ட பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். முதலில் உங்கள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் போட்டது சரிதான், தவறு நடக்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். இந்த விதியை முதலாம் ஆண்டில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுங்கள். தாளின் பெயர், கிரெடிட் (அந்தத் தாளுக்கு உள்ள எடை), இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்), எக்ஸ்டர்னல் (செமஸ்டர் தேர்வு மார்க்), மொத்தம் என்று போகிற வரிசையில், தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் போட்ட ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் மொத்தத்தைப் பார்ப்பார்கள், இந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் 2022-ல் சேர்ந்தவர் என்றால் இரண்டாவது செமஸ்டர் தாள்களுக்கு நேராக 2023 ஏப்ரல் என்று இருக்க வேண்டும். அலைடு இயற்பியலுக்கு நேராக மட்டும் 2023 நவம்பர் என்று இருக்கும். கம்ப்யூட்டர் பார்ப்பது இதைத்தான். திருவள்ளுவர் பல்கலைக்கழக விதிப்படி 7.5-க்கு மேல் டிஸ்டிங்ஷன், 9-க்கு மேல் அதற்கும் மேலான 'எக்ஸம்ப்ளரி'. இந்த இரண்டுக்கும் கீழே ஒரு நிபந்தனை குட்டியாக அச்சிட்டிருக்கும்: மேஜர், அலைடு, எலெக்டிவ் (விருப்பப் பாடம்) தாள்களை முதல் முறை எழுதும்போதே, அந்தந்த செமஸ்டரிலேயே தேறியிருக்க வேண்டும். தேறாதவருக்குச் சான்றிதழில் முதல் வகுப்பு என்று மட்டும் வரும். ரேங்கும் முதல் முறையிலேயே தேறியவர்களுக்குத்தான்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு இன்னும் எரிச்சல் வரும். அந்த நிபந்தனை மேஜர், அலைடு, எலெக்டிவ் ஆகியவற்றுக்கு மட்டும்தான். அதே அரியர் ஆங்கிலத்திலோ சுற்றுச்சூழல் தாளிலோ விழுந்திருந்தால் உங்கள் டிஸ்டிங்ஷனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த அரியர் எப்படி விழுந்திருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. இளநிலையில் 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். தேற மொத்தம் 40 வேண்டும், எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 30 வேண்டும். இன்டர்னலில் 22 வாங்கிய பிள்ளை எக்ஸ்டர்னலில் 27 எடுத்தால் மொத்தம் 49 வரும், ஆனாலும் பெயில். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை இன்டர்னலில் 10, எக்ஸ்டர்னலில் 30 என்று 40 மார்க்கில் பாஸ். ஜன்னலில் நான் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான்: "சார், 49 எடுத்தும் பெயிலா?" ஆமாம், பெயில்தான். பிறகு நவம்பரில் எக்ஸ்டர்னலில் 61 எடுத்தால், பழைய 22-ஐச் சேர்த்து 83 ஆகிவிடும்.

இங்கேதான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். சி.ஜி.பி.ஏ. கணக்கில் இப்போது நிற்பது அந்த 83. பழைய 49 எங்கேயும் இல்லை. அதாவது அரியர் உங்கள் சி.ஜி.பி.ஏ.வைத் தொடவே இல்லை. 7.8 சத்தியமாக உங்களுடையது, தோழியின் 7.6-ஐவிட அதிகம். அரியர் தொட்டது கிளாஸை மட்டும். மார்க் ஒரு கணக்கு, கிளாஸ் இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள்.

சரி, அந்த 7.8 எப்படி வருகிறது? ஒரு செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். மேஜர் ஒன்று 5 கிரெடிட், மார்க் 82. மேஜர் இரண்டு 5 கிரெடிட், மார்க் 66. அலைடு 3 கிரெடிட், மார்க் 91. பிராக்டிகல் 2 கிரெடிட், மார்க் 95. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 83.5. வீட்டில் எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள், அப்புறம் மார்க்ஷீட்டில் குறைத்துவிட்டார்கள் என்பார்கள். கிரெடிட் கணக்கு வேறு. 82 என்றால் 8.2 புள்ளி, அதை 5-ஆல் பெருக்கினால் 41. அடுத்தது 6.6-ஐ 5-ஆல் பெருக்க 33. பிறகு 9.1-ஐ 3-ஆல் பெருக்க 27.3. கடைசியில் 9.5-ஐ 2-ஆல் பெருக்க 19. மொத்தம் 120.3. கிரெடிட்டுகள் 15. வகுத்தால் 8.02. பிராக்டிகலில் அள்ளிய 95-க்கு எடை குறைவு, மேஜரில் விட்ட 66-க்கு எடை அதிகம், அவ்வளவுதான். ஆறு செமஸ்டருக்கும் இப்படியே எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சி.ஜி.பி.ஏ. ஒவ்வொரு செமஸ்டரின் சராசரியையும் கூட்டி ஆறால் வகுக்கக் கூடாது. செமஸ்டருக்குச் செமஸ்டர் கிரெடிட் மாறினால் விடை தப்பும்.

இதிலும் எல்லாத் தாளும் ஒரே பையில் விழாது. தமிழ் ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, மேஜர் அலைடு எலெக்டிவ் சேர்ந்து மூன்றாவது பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளாஸ். நான்காவது பகுதியில் வருகிற என்.எம்.இ. (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பத் தாள்), சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி போன்றவற்றுக்கும், ஐந்தாவதாக வருகிற என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறாவுக்கும் கிளாஸ் கிடையாது. ஆனால் அவற்றை முடிக்காமல் பட்டமும் கிடையாது. நாலு வார்த்தை எழுதிவிட்டு வந்தால் போதும் என்று நினைத்த தாளில் மாட்டிக்கொண்டு, மேஜரில் 80 சதவீதம் வைத்திருந்தும் வேலைக்குப் போக முடியாமல் நின்ற பையன்களை எனக்குத் தெரியும்.

உங்கள் அப்பா காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல்தான் வந்தது. பெயர் மாறியது, கிரெடிட் வந்தது, புள்ளி வந்தது. ஆனால் அடித்தளம் பழையதுதான்: 60-க்கு மேல் முதல் வகுப்பு, 50-க்கு மேல் இரண்டாம் வகுப்பு, 40-க்கு மேல் மூன்றாம் வகுப்பு. "தமிழில் ஃபர்ஸ்ட் கிளாஸ், மெயினில் செகண்ட் கிளாஸ்" என்று பெரியவர்கள் சொல்வார்களே, பகுதிவாரியாக கிளாஸ் போட்ட அந்த வழக்கம்தான் இன்றும் ஓடுகிறது. காட்பாடி ஆக்சிலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தி முடிவையும் தாங்களே வெளியிடும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். தன்னாட்சி என்றால் விதிப் புத்தகமும் அவர்களுடையது. பக்கத்துக் கல்லூரியில் படித்த அக்கா சொன்னதை நம்பி உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

இப்போது அண்ணன். பாகாயம் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே புள்ளி படிப்படியாக ஏறும். 81 எடுத்தாலும் 90 எடுத்தாலும் ஏ பிளஸ், 9 புள்ளி. 80 எடுத்தவனுக்கு ஏ, 8 புள்ளி. 80-க்கும் 81-க்கும் நடுவில் ஒரு முழுப் புள்ளி பள்ளம், 81-க்கும் 90-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. உங்கள் பக்கம் 8.0, 8.1, 9.0 என்று மார்க்கோடு சேர்ந்தே புள்ளியும் ஏறும். அதனால் உங்கள் 7.8-ஐயும் அண்ணனின் 7.8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

அண்ணன் சொன்ன 6.5 உண்மைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் வகுப்புக்கு 6.5, டிஸ்டிங்ஷனுக்கு 8.5. அங்கும் டிஸ்டிங்ஷனுக்கு எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே முடித்திருக்க வேண்டும். 8.9 வைத்திருந்தாலும் ஒரே ஒரு அரியர் இருந்தால் வெறும் முதல் வகுப்புதான். உங்களுக்கு இருக்கும் 'மேஜர், அலைடு, எலெக்டிவ் மட்டும்' என்ற சலுகை அங்கே இல்லை. அதற்குப் பதில் வேறொரு சலுகை உண்டு. அம்மை போட்டுவிட்டது, வீட்டில் சாவு என்று தகுந்த காரணத்தோடு விண்ணப்பித்துத் தேர்விலிருந்து முறையாக விலகிக்கொண்டால், பட்டியலில் டபிள்யூ என்று வரும், அது ஒரு முறை எழுதித் தவறியதாகக் கணக்காகாது. சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்தால் ஆப்சென்ட். அந்த ஒரு கடிதத்தை எழுதாததால் டிஸ்டிங்ஷனை விட்டவர்கள் நிறைய.

வி.ஐ.டி. பையன் கதை முற்றிலும் வேறு. அங்கே கிரேடு உங்கள் மார்க்கை மட்டும் பார்த்து வராது, உங்களோடு படித்தவர்கள் எடுத்ததையும் பார்த்து வரும். அந்தப் பாடத்தில் எல்லாரும் எடுத்த மார்க்கின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுப்பார்கள். நீங்கள் கணிதம், திட்ட விலக்கம் உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்குச் சொன்னால், மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு அது. சராசரிக்கு மேல் ஒன்றரை மடங்கு விலக்கம் தாண்டினால் எஸ், அரை மடங்கு தாண்டினால் ஏ, சராசரிக்கு அரை மடங்கு மேலும் கீழும் பி, பிறகு சி, டி, ஈ என்று இறங்கும். சராசரி 58, விலக்கம் 12 என்று வையுங்கள். எஸ்ஸுக்குக் கோடு 76-ல் விழும். 77 எடுத்த பக்கத்து வீட்டுப் பையன் தாராளமாக எஸ். அதே பையன் சுலபமான ஒரு பாடத்தில் 85 எடுக்கிறான், அங்கே சராசரி 84, விலக்கம் 6. எஸ்ஸுக்கு 93 வேண்டும், ஏவுக்கு 87 வேண்டும். 85-க்குக் கிடைப்பது பி. வீட்டில் போய் '85 எடுத்தேன், பி கிரேடு' என்று சொன்னால் எந்த அப்பா நம்புவார்?

எது நல்ல முறை என்று கேட்டால் எனக்கு ஒரு கருத்து உண்டு. கேள்வித்தாள் கடினமாக வந்த வருடத்துப் பிள்ளைகளை ஒப்பீட்டு முறை காப்பாற்றுகிறது. ஆனால் வகுப்பே நன்றாகப் படித்தால் நடுவில் இருப்பவன் தண்டனை அனுபவிக்கிறான். குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு, '40 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் முதல் வகுப்பு' என்று முன்கூட்டியே தெரிகிற கோடுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். பக்கத்து பெஞ்சுக்காரி எவ்வளவு படிக்கிறாள் என்று கவலைப்பட வேண்டாம் அல்லவா?

இந்த மூன்று இடத்திலும் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறது. வி.ஐ.டி.யில் ஏ என்றால் 9 புள்ளி, அண்ணா பல்கலைக்கழகத்தில் 8 புள்ளி, திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் 60-லிருந்து 69 வரை எடுத்த மார்க். ஒரே ஊரில் ஒரே எழுத்துக்கு மூன்று விலை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2015 வாக்கில் கிரெடிட் முறைக்காக நாடு முழுவதற்கும் ஒரு பத்துப் புள்ளி அட்டவணை கொடுத்தது, அதில் ஏ என்றால் 8. அது வழிகாட்டிதான், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வசதிப்படி வெட்டித் தைத்துக்கொண்டது. அதனால் நேர்முகத் தேர்வில் "என்ன கிரேடு?" என்று கேட்டால் எழுத்தைச் சொல்லாதீர்கள், சி.ஜி.பி.ஏ.வையும் கிளாஸையும் சொல்லுங்கள். சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். எம்.பி.பி.எஸ்.ஸில் பாடத்துக்கு 75 சதவீதம் தாண்டினால் அந்தப் பாடத்தில் டிஸ்டிங்ஷன், அதோடு முடிந்தது.

டிஸ்டிங்ஷன் போனதால் நடைமுறையில் என்ன நஷ்டம் என்று பார்த்தால், அதிகமில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் வங்கி எழுத்தர் தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும். மேலே எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் யு.ஜி.சி. கேட்பது முதுநிலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50, அதோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. அங்கேயும் டிஸ்டிங்ஷன் என்ற சொல்லே வராது.

சதவீதம் கேட்கிற இடங்களில்தான் ஜாக்கிரதை வேண்டும். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும். வங்கித் தேர்வு அறிவிப்புகளில் அந்தச் சதவீதத்தை எப்படிப் போட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்: எல்லா செமஸ்டரிலும் எல்லாப் பாடத்திலும் எடுத்ததைக் கூட்டி, மொத்த மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு பையன் மேஜர் பகுதியில் 2,200-க்கு 1,342 எடுத்திருக்கிறான் என்று வையுங்கள், 61 சதவீதம், சான்றிதழில் முதல் வகுப்பு. மற்ற தாள்களில் 1,400-க்கு 770. இரண்டையும் சேர்த்தால் 3,600-க்கு 2,112, அதாவது 58.67 சதவீதம். முதல் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே அவனுக்குத் தகுதியில்லை. முழு எண்ணாக்குவதும் கிடையாது, 59.99 என்றாலும் 60-க்குக் கீழ்தான் என்று அறிவிப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் 7.8 மேஜர், அலைடு பகுதிக்கு மட்டும் உரியது. விண்ணப்பத்தில் 78 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து எழுதுங்கள்.

இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அங்கே 70-லேயே முதல் வகுப்பு, 60-லிருந்து 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்பாதி. பெரும்பாலான இடங்களில் முதலாம் ஆண்டு மார்க் பட்டத்தின் கிளாஸில் சேராது, கடைசி ஆண்டுக்கு எடை அதிகம். இங்கே முதல் செமஸ்டரில் விளையாட்டாக விட்ட மார்க்கும் கடைசிவரை கூடவே வரும். அதனால் 60-ஐ 60-ஓடு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

கடைசியாக, உங்களுக்கு நடந்தது சரி என்றேன், ஆனால் எல்லாருக்கும் சரியாகவே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த இடத்திலேயே நடந்த ஒன்று. ஆம்பூர் பக்கத்துப் பையன், அரியர் வைத்ததே இல்லை. புரொவிஷனலில் முதல் வகுப்பு என்று மட்டும் வந்தது. அவன் அப்பா தோல் ஷாப்பில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு மகனோடு வந்து நின்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அலைடு பிராக்டிகலுக்கு நேராக ஒரு செமஸ்டர் தள்ளி மாதம் போட்டிருந்தது. விசாரித்தால், துறையிலிருந்து இன்டர்னல் மார்க் தாமதமாக வந்ததால் அந்த ஒரு தாளின் முடிவை நிறுத்தி வைத்து, அடுத்த தேர்வு முடிவோடு சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அது இரண்டாவது முயற்சி. பையன் பழைய ஹால் டிக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தான். பிராக்டிகல் நடந்த அன்று அவன் கையெழுத்துப் போட்ட வருகைத் தாளையும் தேடி எடுத்து, இரண்டையும் இணைத்து எழுதி அனுப்பினோம். திருத்தி வர நாலு மாதம் ஆனது.

அதனால் உங்கள் தோழிகளிடம் சொல்லுங்கள்: பட்டமளிப்பு விழாவுக்குப் பணம் கட்டும் முன்பே அந்த மாதம், வருடக் கட்டத்தை ஒவ்வொரு தாளுக்கும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தவறு தெரிந்தால் புரொவிஷனல் கட்டத்திலேயே, ஹால் டிக்கெட் நகலோடு, கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு என்றால் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்கு எத்தனை முறை பஸ் ஏற வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.